மூன்றாம் துளையில் ஏழு கீறல்

குரோதி, தை 6, ஞாயிறு

இடப்பாகத்தை அம்மைக்கு ஈந்த பெருமானே, இந்த ஏட்டில் என் கை பொய் எழுதாதபடி காத்தருள்வாய்.

குலதெய்வக் கோயிலின் குடமுழுக்கு தை 21. அதற்கு முதல்நாள் காவிரித் தீர்த்தம், மறைந்த தந்தையாரின் ஜீப்பில்தான் வரவேண்டும் என்பது அவர் நேர்ந்துகொண்ட வேண்டுதல். பங்காளிகள் இன்று கூடி அதையே உறுதி செய்தனர். ஜீப்போ ஒன்பது ஆண்டுகளாகக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. "கவனமில்லாத கை, என்ஜினையே கெடுத்துவிட்டது" என்று என் தம்பி வெங்கடாசலத்தை இதே பங்காளிகள் முன்னிலையில் நான் பழித்தேன். அதன்பின் ஊரில் ஒருவரும் அவனிடம் வண்டியை விடவில்லை. நாமகிரிப்பேட்டைக்குப் போனவன் இந்த வாசலை மிதிக்கவில்லை.

தை 8, செவ்வாய்

ராசிபுரத்து மெக்கானிக் ராசப்பன் என்ஜினைத் திறந்தார். வால்வுகளைத் தூக்கிவிடும் டேப்பட் என்னும் சிறு உருளைகள் எட்டும் தத்தம் துளைகளில் இறுகிக் கிடக்கின்றன. காய்ந்த எண்ணெய் பிசினாகிவிட்டது. தட்டிப் பார்க்கலாமா என்றேன்.

"ஏனுங்கய்யா, தட்டுனா ஓட்டை கீறிப்போயிருமுங்க. அப்பறம் என்ஜின் பிளாக்கையே பழைய இரும்புக்குத்தான் போடோணும். டீசல் ஊத்தியிருக்கறன், ஊறட்டும்."

தீர்த்தம் எடுக்க இன்னும் பன்னிரண்டு நாள்.

தை 9

ஊறுகிறது. பதிகம் ஓதினேன், நா ஓதியது, மனம் கொட்டகையில் இருந்தது.

தை 10, வியாழன்

ராசப்பன் ஓர் அட்டையில் எட்டு ஓட்டை இட்டு எண் எழுதிக்கொண்டார். எந்தத் துளையில் வந்ததோ அந்த எண்ணில் செருகிவைக்க. திருகித் திருகி மூன்றை வெளியே எடுத்தார். மூன்றாவதைத் துடைத்தபோது அதன் மேல்விளிம்பில் மெல்லிய கீறல்கள். ஏழு.

"ஆரு போட்ட அடையாளமுங்க இது?"

"தம்பி போட்டது."

"அப்பிடின்னா மூணாம் ஓட்டைக்குள்ள ஏழாம் நம்பரு எப்பிடீங்க வந்துச்சு?" மற்ற இரண்டையும் துடைத்தார். முதல் துளையினதில் ஐந்து கீறல், இரண்டாவதில் எட்டு. "அதது தேஞ்ச எடத்துலதான் அதது ஓடோணும். மாத்திப் போட்டா, அடியில சுத்தி இதுகளத் தூக்கிவிடற கேம் ஷாஃப்ட்டையே அரச்சுத் தின்னுபோடுமுங்க. மாட்டுனவனப் புடிச்சுக் கட்டி வெச்சு ஒதைக்கோணும்!"

அவருக்கு மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மாட்டியவன் தம்பி அல்லன்.

தை 11, வெள்ளி

எழுதத்தான் வேண்டும். ஒன்பது ஆண்டுக்கு முன், ஆயுத பூசை நாள். தம்பி என்ஜினைப் பிரித்து, டேப்பட்களை வரிசையாகக் காகிதத்தில் வைத்துவிட்டு, கேஸ்கட் வாங்கச் சேலம் போயிருந்தான். கறுத்த இரும்பையா பூசையில் வைப்பது என்று எட்டையும் அள்ளி ஒரே தட்டில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். சந்தனமும் குங்குமமும் இட்டு வழிபட்டேன். பிறகு துடைத்து, களைத்து வருவானே என்று நானே துளைகளில் இட்டேன். வரிசை உண்டென்று அறியேன். அறியாமல் செய்த பிழை.

அறியாமலா? இரண்டு மாதத்தில் என்ஜின் தடதடத்தபோது அவன் கேட்டானே — "அண்ணா, நான் வெச்ச மாதிரியேதானுங்க போட்டீங்க?" ஆமாம் என்றேன். அன்றிரவே ஓர் ஐயம் வந்தது. அதை நான்தானே அமுக்கிவைத்தேன்?

தை 12, சனி

ஆறு வந்துவிட்டன. மீதி இரண்டின் அடிப்பக்கம் தேய்ந்து விளிம்பு காளான்போல் விரிந்திருக்கிறது. மேலே இழுத்தால் துளை போய்விடும். தேய்ந்த கேம் ஷாஃப்ட்டை உருவிவிட்டு, இரண்டையும் கீழே தள்ளி எடுத்தார். துளைகளில் ஒரு கீறலும் இல்லை.

"இந்தப் பழசையெல்லாம் காயலாங்கடைக்குப் போட்டுரட்டுங்களா?"

போட்டால் முடிந்தது. எவருக்கும் தெரியாது. அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தை 13, ஞாயிறு

கோயிலில், பங்காளிகள் முன்னிலையில், அட்டையை நடுவில் வைத்து, மாற்றி இட்டவன் நானே, தம்பி அல்லன் என்று சொல்லிவிட்டேன். பங்காளிகளில் மூத்தவரான சின்னண்ணன், "ஒம்பது வருசம் ஆச்சே அர்த்தநாரி" என்றார்.

தம்பியைக் கைப்பேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை.

தை 15

எடுக்கவில்லை. புதிய டேப்பட்களும் கேம் ஷாஃப்ட்டும் வந்துவிட்டன. மாட்டட்டுங்களா என்கிறார் ராசப்பன். பொறுக்கச் சொன்னேன். எதற்காகப் பொறுக்க?

தை 16, அமாவாசை

தந்தையாருக்கு எள்ளும் நீரும் இறைத்துவிட்டு நாமகிரிப்பேட்டை போனேன். தம்பியிடம் அட்டையைக் கொடுத்து, கூட்டத்தில் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒவ்வொரு கீறலையும் நகத்தால் தடவிப் பார்த்தான். அட்டையோடு உள்ளே போனான். கதவு திறந்தே இருந்தது. இரண்டு மணி நேரம் நின்றேன். வெளியே வரவில்லை.

தை 18, வெள்ளி

விடிந்ததும் கொட்டகையில் ஸ்பேனர் சத்தம். ராசப்பன் என்று நினைத்துப் போனேன். வெங்கடாசலம். தலை நரைத்துவிட்டது. புதிய டேப்பட்களில் கீறல் போட்டுக்கொண்டிருந்தான். திரும்பிப் பாராமலே,

"அங்கயே நில்லுங்ணா. கையில சந்தனத் தட்டு இருக்குதுங்களா?"

"இல்ல சாமி."

"அப்பச் செரி. அந்த ஒண்ணாம் நம்பர எடுத்துக் குடுங்க."

எடுத்தேன். கீறலை எண்ணிப் பார்த்தேன். ஒன்றுதான். இருந்தும் மறுபடி எண்ணிவிட்டுக் கொடுத்தேன்.

தை 20, ஞாயிறு

தீர்த்தக் குடங்கள் வந்து சேர்ந்தன. ஜீப்பை ஓட்டி வந்தவன் தம்பி. சோற்றுக்கு அழைத்தேன், கொட்டகைக் குழாயில் கை கழுவிக்கொண்டு, "நாளைக்கு வாரனுங்ணா" என்று போனான். இலை ஒன்று கூடுதலாக அறுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஏட்டை என்றேனும் புரட்டுவோர் நலம் பெறுக. அவர் மனையில் உடன்பிறந்தார் பசியோடு திரும்பாதிருப்பாராக. வாசல் எவருக்கும் அடையாதிருப்பதாக.