அன்புக்கரசி அக்காவும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும்

பிப்ரவரி 11, செவ்வாய்

நூலகத்தில் எடுத்த புத்தகத்தை இன்றே முடித்துவிட வேண்டும் என்று இருந்தேன். ஒரு பக்கம்கூட ஓடவில்லை. கடையில் நடந்ததே கண்முன் நிற்கிறது.

ரம்ஜான் வருகிறது என்று போன வாரம் எங்கள் மெத்தைக் கடைக்கு வெள்ளையடித்தார்கள். சாமான்களைத் திரும்ப அடுக்கும்போது மெரூன் வெல்வெட் சுருளைக் காணோம். கல்யாணச் சீர் மெத்தைக்கு உறை தைக்க வாங்கியது, பிரிக்காத முழுச் சுருள். அத்தா பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் எல்லாம் தேடினார். அத்தாவின் தம்பி அமீன் சச்சா கல்லாவை விட்டு எழுந்து தேடவே இல்லை. தையல் மிஷினில் இருந்த அன்புக்கரசி அக்காவைப் பார்த்தபடி, "காலைல காலிப் பை வருது, சாயங்காலம் ரொம்பிப் போவுது" என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? கடைக்குப் பை கொண்டுவருவது அக்கா மட்டும்தான்.

அக்கா மிஷினை நிறுத்தினார். "பையில பஞ்சுக் கழிசல் கீது. எத்துனு போன்னு பெரிய மொதலாளி சொன்னது. என் தலைக்கு மேலதான கேமரா மாட்டி வச்சிருக்கீங்க? பாருங்க. பாத்துட்டு கூப்புடுங்க. அதுவரைக்கும் இந்தப் படி ஏற மாட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், இரண்டு பஸ் மாறி மயிலாப்பூருக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்.

சரி, பார்த்துவிடலாம் என்று அத்தா கேமரா டிவியைப் போட்டார். இப்போதைய கடை தெரிகிறது. பழைய பதிவு ஒன்றுமே இல்லை. 'டிஸ்க் இல்லை' என்கிறது திரை. பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருக்கிறது. வெள்ளையடித்ததிலிருந்தே அப்படித்தானாம்.

"நா பக்கத்துக் கடை ஆட்டோ ரிவர்ஸ் எடுக்குதுன்னு நெனச்சேன்" என்றார் சச்சா.

பிப்ரவரி 12, புதன்

மிஷின் மேல் துணி போர்த்திவிட்டார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல் வீட்டுப்பாடம் செய்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

கேமரா மாட்டிய அஸ்வின் அண்ணன் வந்தார். பெட்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "டிக் டிக்னு கேக்குதா சார்? டிஸ்க் அவுட்டு. புதுசு போடணும்" என்றார். இரண்டு மூன்று தடவை அணைத்துப் போட்டதில் ஒரே ஒரு முறை டிஸ்க் திரையில் தலை காட்டியது. "இரு, ஃபார்மேட் குடுத்துப் பாக்கலாம்" என்று மௌசைப் பிடித்தார்.

"வேணாம்ணா!" என்று கத்திவிட்டேன். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அக்கா சொன்னது உண்மை என்பதற்கு வேறு எங்கே சாட்சி இருக்கிறது?

"செத்த டிஸ்க்குக்கு வைத்தியமா பாப்பா?" என்று சிரித்தார். ஆனாலும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். புத்தகப் பையில் துண்டைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

டிவிஆர் கையேட்டை இணையத்திலிருந்து இறக்கி, வரி விடாமல் படித்தேன். ஏதோ ஒரு டிஸ்க்கை வாங்கிச் சொருகினால் ஆகாது. கம்ப்யூட்டரில் போடுவது எப்போதாவதுதான் எழுதும். கேமராவுக்கான டிஸ்க் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்தது. எங்கள் பெட்டி ஆறு டெராபைட்டுக்கு மேல் ஏற்காது. அதிலும் பெரிய அளவு டிஸ்க்தான் பொருந்தும், லேப்டாப்பில் இருக்கும் சின்னது இல்லை. எந்தெந்த மாடல் ஒத்துப்போகும் என்று கம்பெனியே ஒரு பட்டியல் போட்டிருக்கிறது.

எல்லாம் சரி. ஆனால் புது டிஸ்க் இனிமேல் நடப்பதைத்தானே பதியும்? நடந்து முடிந்ததற்கு அது என்ன செய்யும்? — இதை அத்தாவிடம் கேட்டேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பினார்.

பிப்ரவரி 15, சனி

அத்தாவோடு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அத்தாவுக்குத் தெரிந்த வலியுல்லா பாய் கடை. ஆள் நுழைய முடியாத அளவு கடை, கூரை வரை டப்பாக்கள்.

"எட்டு டிபி எத்துக்கோம்மா, ஆஃபர்ல கீது."

"எங்க பெட்டி ஆறுக்கு மேல எடுக்காதுங்க பாய்."

"அப்ப இது. செம ஸ்பீடு."

"அது கம்ப்யூட்டர் டிஸ்க். நாள் முழுக்க எழுதாது. இந்த மாடல்ல ரெண்டு டிபி குடுங்க" என்று மாடல் எண்ணைக் காட்டினேன்.

பாய் அத்தாவைப் பார்த்தார். "இன்னா மாமா, பொண்ண படிக்க வைக்கிறியா, இல்ல என் கடைக்கு ரெய்டு அனுப்புறியா?"

இந்த வாரத்தில் அத்தா சிரித்தது அப்போதுதான். பழைய டிஸ்க்கையும் காட்டினோம். அதைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்களாம், ஆனால் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்களாம்.

சாயங்காலம் புதியதை நானே மாட்டினேன். நான்கு திருகாணி. சுவிட்சைப் போட்டேன்.

டிக். டிக். டிக். 'டிஸ்க் இல்லை.'

"வலியுல்லா பாய் ஒன் தலைல நல்லா மொளகா அரைச்சுட்டாரு" என்றார் சச்சா. "இதுக்குத்தான் அத்தன பக்கம் படிச்சியா?"

நான் என்ன தப்பு பண்ணேன்? லிஸ்டுல இருக்கே! ஒரு எழுத்து, ஒரு நம்பர் விடாம பாத்தேனே! டிவிஆரே போச்சா? அப்படின்னா அக்கா வரவே மாட்டாங்களா? பொய் சொல்லலன்னு காட்டத்தான அவங்க போனாங்க, இப்ப திருடிட்டு ஓடுன மாதிரி ஆயிடுச்சே!

பிப்ரவரி 16, ஞாயிறு

அல்ஹம்துலில்லாஹ். வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் எழுந்ததும் ஒன்று தோன்றியது. பழைய டிஸ்க்கும் டிக் டிக் என்றது, நேற்று உறை பிரித்த டிஸ்க்கும் அதே சத்தம்தான். இரண்டுக்கும் ஒரே நோய் எப்படி வரும்? டிஸ்க்கில் நோயே இல்லை என்றால்? சாப்பாடு போதாமல் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறதோ?

ஓடிப்போய் டிவிஆரைக் கவிழ்த்து அடியில் படித்தேன். இரண்டு ஆம்பியர் வேண்டும் என்று இருக்கிறது. சொருகியிருந்த அடாப்டரைப் பார்த்தேன். ஒரு ஆம்பியர்! பக்கத்தில் வைஃபை ரவுட்டரின் அடாப்டரைப் பார்த்தேன். இரண்டு. வெள்ளையடிக்கக் கழற்றியவர்கள் மாற்றிச் சொருகிவிட்டார்கள். ரவுட்டர் பாட்டுக்கு ஓடியது. டிவிஆரும் படம் காட்டும் அளவுக்கு ஓடியது. டிஸ்க்கைச் சுழற்ற மட்டும் தெம்பில்லை.

"ரெண்டும் கருப்பு, ரெண்டுக்கும் ஒரே பின்னு. எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?" என்றார் சச்சா. சொருகியது அவர்தான் என்று அப்போது தெரிந்தது.

அடாப்டரை மாற்றினேன். புதியதைக் கழற்றிவிட்டுத் துண்டிலிருந்த பழைய டிஸ்க்கை மாட்டினேன். பீப் ஒரே ஒரு முறை. பிறகு அமைதி. உள்ளே மெல்ல 'ஸ்ஸ்ஸ்' என்று சுழல்கிற சத்தம். திரையில் பழைய தேதிகள் வந்து நின்றன.

அத்தா நாற்காலியை இழுத்துப் போட்டார். வெள்ளையடித்ததற்கு முந்தைய நாள். கோடம்பாக்கத்து சினிமா கம்பெனிக்குப் பத்து மெத்தை போன நாள். மெத்தையைச் சுருட்டும்போது நடுவில் ஒரு கட்டையை வைத்துச் சுருட்டிக் கயிறு கட்டுவோம். இல்லையென்றால் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். ஒன்பது மெத்தைக்குக் கட்டை இருந்தது. பத்தாவதற்கு சச்சா தோளில் போனை இடுக்கிப் பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்னால் கையை நீட்டி எதையோ எடுத்தார். வைத்தார். சுருட்டினார். கட்டினார்.

மெரூன்.

அத்தா அந்த இடத்தைத் திரும்ப ஓட்டினார். இன்னொரு முறையும் ஓட்டினார்.

"போதும்ணே" என்றார் சச்சா, மிக மெதுவாக.

சாயங்காலம் அக்கா கிளம்புவதும் அதே பதிவில் இருந்தது. பையில் பஞ்சுக் கழிசல்தான். மேலே டிபன் பாக்ஸ்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

ஷூட்டிங் தள்ளிப்போனதால் மெத்தைகளை இன்னும் பிரிக்கவில்லையாம். சச்சா போய்ச் சுருளை வாங்கி வந்தார். ஒரு நூல் கசங்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

அத்தாவும் சச்சாவும் பெரும்பாக்கம் போனார்கள். எனக்குப் பள்ளி. அத்தா வந்து சொன்னார்.

அக்கா உள்ளே கூப்பிடவில்லையாம். வராந்தாவிலேயே நிற்க வைத்துவிட்டார். பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்திருந்ததாம். சச்சா, "துணி கெடச்சிருச்சும்மா" என்றிருக்கிறார்.

"துணி கெடச்சத நீ உன் கடைல போய் சொல்லு. இங்க, நா எடுக்கலன்னு சொல்லு."

சச்சா சொன்னாராம்.

"கேக்கல."

சச்சா சத்தமாகச் சொன்னாராம்.

அதற்குப் பிறகுதான் டீ வந்ததாம். கூடவே ஒரு நிபந்தனையும்: "என் தலைக்கு மேல மாட்டுன மாதிரி கல்லாவுக்கு மேலயும் ஒரு கேமரா மாட்டு. மாட்டிட்டு கூப்புடு, வரேன்."

பிப்ரவரி 20, வியாழன்

அஸ்வின் அண்ணன் வந்து கல்லாவுக்கு மேல் கேமரா மாட்டினார். புது டிஸ்க்கைப் போட்டேன். பெட்டி அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது. ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. இந்த முறை பயமில்லாமல் 'சரி' என்று அழுத்தினேன். இரண்டு கேமரா ஆனாலும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும்.

அண்ணன் அடாப்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத நா பாத்திருக்கணும்" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

பிப்ரவரி 24, திங்கள்

பள்ளி விட்டுக் கடைக்குப் போனபோது தெருமுனையிலேயே மிஷின் சத்தம் கேட்டது. நடந்துகொண்டிருந்தவள் ஓடினேன்.

அக்கா மடியில் மெரூன் வெல்வெட். எதிரே டிவி இரண்டு கட்டமாகப் பிரிந்திருக்கிறது: ஒன்றில் அக்கா, ஒன்றில் சச்சா. அக்கா நூல் கோத்துக்கொண்டே டிவியைப் பார்த்தார்.

"சின்ன மொதலாளி, கொஞ்சம் நிமிந்து ஒக்காரு. வழுக்க மட்டுந்தான் தெரியுது."

சச்சா நிமிர்ந்து உட்கார்ந்தார்.