செல்வி வருவதற்குள் பழுக்காத தக்காளி

ஒக்டோபர் 9, வியாழன்
விடாத மழை. கடுகண்ணாவைப் பக்கம் மேகம் இறங்கிக் கிடக்கிறது. பதினொரு தக்காளிச் செடியிலும் இலை கருகல். காயெல்லாம் கல் மாதிரிப் பச்சை. என் மனைவி செல்வி குவைத்திலிருந்து வர ஐந்தே நாள். போன வாரமே போனில், "நல்லா செவந்திருச்சு புள்ள" என்று அளந்துவிட்டேன். என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும்.

நான்கு வருஷத்துக்குப் பிறகு வருகிறாள். ஒரு மாத லீவு. வேலை செய்யும் வீட்டு மேடம் திரும்ப வரச் சொல்கிறாளாம். போகாதே என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தோட்டத்தைப் பார்த்தாலாவது, இங்கேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றாதா?

11, சனி
எல்லாவற்றையும் பறித்தேன். விட்டால் அழுகும். இரண்டு கூடை. வாழைத்தாருக்குப் போடுவது போல, தகரப் பீப்பாவில் ஒரு கூடையைக் கொட்டி, சாக்கால் மூடி, தேங்காய் மட்டைப் புகை. பழுத்துவிடும்.

12, ஞாயிறு
ஐயோ. சுருங்கி, கறுத்து, ஒன்றுகூடச் சிவக்கவில்லை. மகள் கவிதா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, இது தக்காளியா, கருவாடா?" எனக்கு அழுகைதான் வந்தது. பிலிமத்தலாவைக் கடையில் பழம் வாங்கி வைத்துவிடலாமா என்று அவளிடம் கேட்டேன்.
"அம்மா கண்டுபிடிச்சிருவாங்க."
அதுவும் சரி.

14, செவ்வாய்
வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள், பாவம். கையெல்லாம் சொரசொரப்பு. பெட்டியைக்கூடத் திறக்காமல் நேரே தோட்டத்துக்கு. வெறும் செடி. புகை போட்டது வரை எல்லாம் ஒப்புக்கொண்டேன்.
"அட கூறுகெட்ட மனுசா!" சிரித்துக்கொண்டே மீதிக் கூடையை இழுத்தாள். "பச்சையாவே நல்லாத்தான் இருக்கு. இந்தப் புளிப்புக்கு அங்க எவ்வளவு ஏங்கிருப்பேன்!"
நறுக்கிய காய், பச்சை மிளகாய், மாசிக் கருவாட்டுத் தூள், தேங்காய்ப்பால். கூட ரொட்டி. மூன்று பேருமாகச் சட்டியை வழித்துவிட்டோம். லீவு முடிந்ததும் போய்விடுவாளா? கேட்கப் பயம்.

15, புதன்
மழை விட்டது. காலை 7 மணி. செல்வி கருகிய செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
"புது நாத்து வச்சா எத்தன மாசத்துல காய்க்கும்?"
"மூணு மாசமாவது ஆகும்."
உன் லீவு ஒரு மாசம்தானே என்று சொல்ல வந்து விழுங்கிக்கொண்டேன். அவள் நிமிரவில்லை.
"ஆகட்டும். நான் இருந்து பாத்துக்கிறேன். நீங்க போயி நாத்து வாங்கிட்டு வாங்க."