ஏளு என்று ஒரு வார்த்தை

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே தூறல். நேற்று துவைத்த துணி இன்னும் ஈரம். அத்திப்பள்ளி டோல் தாண்டவே ஒரு யுகம், லாரிகள் அப்படி நின்றன. ஆபீஸ் கேபில் மற்றவர்கள் தூக்கம். டிரைவர் மஞ்சுநாத் மட்டும் கன்னடப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு.

காசு வைத்து ஆடும் போக்கருக்குத் தடை வந்ததிலிருந்து எங்கள் ஆப்பில் வெறும் பாயின்ட்தான். ஒரு டீ கூட வாங்க முடியாத பாயின்ட். அதிலும் திருட்டு. அதைப் பிடிப்பது என் உத்தியோகம். ‘ஃபேர் பிளே டீம்’ என்று பெயர். வீட்டுக்காரர் மு. இன்னமும் “என்னா இன்ஸ்பெக்டரம்மா” என்றுதான் கூப்பிடுகிறார்.

இன்று வந்த புகார்களில் ஒன்று ரொம்பச் சுலபம். ஓசூர் சிப்காட் தொழிலாளர்கள் எங்கள் ஆப்பிலேயே சேர்ந்து வைத்திருக்கும் கிளப். விடிகாலை ஆட்டம். மாதேஷ், நாகராஜ் இருவரும் ஒரே மேசை. ஒரே ரூமில் தங்குபவர்கள். மாதேஷ் நிறைய பாயின்ட் கட்டிவிட்டான். அடுத்த முறை நாகராஜுடையது. அவன் யோசிக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது மாதேஷ் சாட்டில் இங்கிலீஷ் எழுத்தில் ஒரே வார்த்தை போடுகிறான்: elu. ஏழு.

மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஏழு கிடக்கிறது. மாதேஷ் கையில் இரண்டு ஏழு. ஆக மூன்று, எந்த இரண்டு ஜோடியையும் அது ஜெயித்துவிடும். நாகராஜிடம் கிங் ஜோடி, குயின் ஜோடி. சுமாரான கார்டா அது? யாராவது விடுவார்களா? விட்டுவிட்டான். ஃபோல்டு. மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவர்தான் புகார் கொடுத்தார்.

இருவருக்கும் நிரந்தரத் தடை. கிளப்பில் எல்லோருக்கும் தெரிவதுபோல் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் ‘மோசடி’. டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.

வாங்க: புளி, சோப்பு, மு.வுக்கு சாக்ஸ் (எல்லாம் கட்டை விரலில் ஓட்டை).

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை, வெயிலும் இல்லை. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

மாதேஷிடமிருந்து மேல்முறையீடு. அப்படியே எழுதி வைக்கிறேன்:

“மேடம், நான் ஏழுனு சொல்லலீங்க. ஏளுனு சொன்னேன். எங்க கன்னடத்துல எந்திரினு அர்த்தம். நான் நைட் ஷிப்ட் முடிஞ்சி கம்பெனி பஸ்ல வந்துக்கிட்டிருந்தேன். அவன் ரூம்ல போனப் புடிச்சிக்கிட்டே தூங்கிருவான். அன்னிக்கு அவனுக்குக் காலைல போற ஜெனரல் ஷிப்டு. கால் பண்ணா ஆட்டம் கட் ஆயிரும்னு சாட்ல போட்டேன், டிங்குனு சத்தம் வருமில்ல, அதுக்கோசரம். நான் ஸ்டோர்ஸ்ல இருக்கறேன். அதே கிளப்புல ஆடற சூப்பர்வைசரு செவப்பு எழுத்தப் பாத்துட்டு ஸ்டோர் சாவிய வாங்கி வச்சிக்கிட்டாரு. கேட்டா, பாயின்ட்டையே திருடறவன் போல்ட் நட்ட விடுவானாங்கறாரு.”

சாக்கு கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் நான். பூனை போன் மேல் ஏறிவிட்டது, மச்சான் போனை வாங்கி ஆடிவிட்டான், எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் சாவி என்று ஒருவரும் எழுதியதில்லை. அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் கேபில் முன் சீட். மஞ்சுநாத்திடம் சும்மா கேட்பது போல், “அண்ணா, ஏளுன்னா என்ன?”

“ஏழு மேடம். ஆறு, ஏளு, எண்ட்டு.”

அப்பாடா என்று இருந்தது. சந்தாபுரா சிக்னல் தாண்டியதும் அவரே மறுபடி: “எந்திரின்னாலும் ஏளுதான் மேடம். டெய்லி காலைல என் ஒய்ஃப் ஏளு ஏளுன்னு கத்துவா. மணி சொல்றாளா, எழுப்பறாளானு எனக்கே டவுட்டு.”

ஏழும் எந்திரியும் ஒரே வார்த்தையாம். நான் சிங்காரப்பேட்டைக்காரி. எனக்குத் தெரிந்த கன்னடம் பஸ் போர்டு படிக்கக்கூடக் காணாது. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் டீ ஆறுவதற்குள் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 5, புதன்

நல்ல குளிர். மு.வை எழுப்ப “எந்திரிங்க, மணி ஏழு” என்றேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மாதேஷின் பழைய விடிகாலை ஆட்டங்களையும். இதே வார்த்தையை முன்பும் சில தடவை போட்டிருக்கிறான். அப்போது யார் கையிலும் ஏழு இல்லை, மேசையிலும் இல்லை. சரி, எந்திரிதான்.

இன்னொன்று. தூங்குகிறவன் நேரம் முடிந்தால் ஆப்பே அவனை ஃபோல்டு செய்துவிடும். நாகராஜ் விலக வேண்டும் என்று மாதேஷ் நினைத்திருந்தால் பேசாமல் இருந்திருக்கலாமே. மூன்று ஏழு வைத்துக்கொண்டு எதிராளியை எழுப்புகிறவன் திருடனா, பைத்தியமா?

ஆனால் கிங்கும் குயினும் வைத்திருந்தவன் ஏன் விட்டான்? அது மட்டும் எதிலும் பொருந்தவில்லை. அவன் தூங்கினானா, விழித்திருந்தானா? அதைக் கார்டில் பார்க்க முடியாது.

டீம் லீடர் பிரவீனிடம் போனேன்.

“கலை, ஏழுனு சொன்னான், ஏழு இருந்துச்சு, அவன் விட்டுட்டான். இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?”

“எந்திரினும் அர்த்தம் இருக்கு சார்.”

“உக்காந்து ஆடற ஆட்டத்துல எதுக்கு எந்திரிக்கணும்?” அவர் ஜோக்குக்கு அவரே சிரிப்பு. பிறகு, “பாயின்ட்தான? யாருக்கு என்ன நஷ்டம்?”

“ஒருத்தர் சாவி போயிருக்கு சார்.”

போனைப் பார்த்துக்கொண்டே, “சரி, இன்னொருத்தனையும் கேட்டுக்க,” என்றார். நாகராஜுக்கு எழுதினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

நவம்பர் 6, வியாழன்

நாகராஜ் பதில். அவனும் தமிழில்தான்.

“அவன் எந்திரினுதாங்க மேடம் போட்டான். நான் தூங்கல. போடலாமா விடலாமானு யோசிச்சிக்கிட்டிருந்தேன். டிங்குனு வந்துச்சு. பாத்தா ஏளு. கீழ ஒரு ஏழு கெடக்குது. ஐயோ, அவங்கிட்ட ஏழு இருக்குதாட்டம்னு எனக்குத் தோணிருச்சு. விட்டுட்டேன். அவன் எழுப்பத்தான் சொன்னான், நாந்தான் ஏழுனு எடுத்துக்கிட்டேன். எல்லாத்தையும் எம்மேல போட்டுக்கங்க. அவனுக்குச் செவப்ப எடுத்துடுங்க.”

படித்துவிட்டு கேன்டீனுக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன்.

சொன்னவன் ஒன்று சொன்னான். கேட்டவன் வேறு ஒன்று கேட்டான். சொன்னவன்மேல் குற்றமில்லை, சரி. கேட்டவன்? எங்கள் விதி ‘கார்டைச் சொல்லக்கூடாது’ என்கிறது. காதில் விழுந்ததை என்ன செய்ய வேண்டும் என்று எங்கேயும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

சரி, இவன் சொல்வது நிஜம்தானா? நண்பனுக்குச் சாவி திரும்பக் கிடைக்கட்டும் என்று இவனாகக் கழுத்தை நீட்டுகிறானா? உண்மையிலேயே அரைத்தூக்கத்தில் தப்பான பட்டனை அழுத்தியிருந்தால்? மண்டை காய்கிறது.

மு.விடம் சொன்னேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டே, “நீ போன்ல பேசறது எனக்குந்தான் கேக்குது. அதுக்கு நான் என்ன, திருடனா?”

“கேட்டுட்டு அத வச்சி லாபம் பாத்தா?”

“லாபமா? உங்க அம்மா பேசறதுலயா?”

இந்த மனிதரிடம் போய்க் கேட்டேனே.

நவம்பர் 7, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது.

மாதேஷ் பெயரை மட்டும் எடுக்கப் போனால் சிஸ்டம் விடவில்லை. ‘கூட்டு மோசடி’ என்றால் இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவன் தனியாகக் கூட்டு சேர முடியாது, நியாயம்தான். பிரவீன் வந்து தலைப்பை ‘விதிமீறல்’ என்று மாற்றினார். எந்த விதி என்று கேட்டேன். “ஏதாவது ஒண்ணு போடு கலை, அவனே ஒத்துக்கிட்டான்ல.”

ஒத்துக்கொண்டவனுக்குத் தண்டனை. ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் இருவரையும் விட்டிருப்பேனோ? அல்லது இருவருக்கும் சிவப்பு அப்படியே இருந்திருக்குமோ? தெரியவில்லை, நிஜமாகவே தெரியவில்லை.

நாகராஜுக்கு ஒரு மாதத் தடை. மாதேஷுக்கு எல்லாம் நீக்கம். கிளப்பில் எல்லோரும் பார்க்க ஒரு வரி போட வேண்டும் என்று நின்றேன். திருடன் என்று அறிவிக்கத் தயாராக ஒரு வாசகம் இருக்கிறது. திருடன் இல்லை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நானே எழுதினேன்: ‘மாதேஷ் மீது எந்தத் தவறும் இல்லை. தவறு எங்களுடையது. மன்னிக்கவும்.’

பிரவீன் முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தார். அழுகை வருமளவு ஆத்திரம். பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 8, சனி

லீவு. இட்லிக்கு ஊறப்போட்டது. சாக்ஸ் வாங்கினேன். நிறம் பிடிக்கவில்லையாம், ஷூவுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? நாகராஜ் நினைப்பாகவே இருந்தது.

நவம்பர் 10, திங்கள்

ஒரு வாரம் கழித்து நல்ல வெயில். துணி எல்லாம் காய்ந்துவிடும்.

மாதேஷ் எழுதியிருக்கிறான்:

“சாவி குடுத்துட்டாங்க மேடம். ரொம்ப நன்றிங்க. இன்னொண்ணு கேக்கணும். நாகராஜ் எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான். கேட்டா சிரிக்கறான். எனக்கோசரம் பொய் சொல்லி பழிய ஏத்துக்கிட்டானா, இல்ல நான் எழுப்புன வார்த்தைய நெசமாவே ஏழுனு எடுத்துக்கிட்டு கார்ட விட்டானா? நீங்க எல்லாக் கார்டையும் பாத்தவங்க, நீங்கதான் சொல்லணும். இந்த வாரமும் அவனுக்கு ஜெனரல் ஷிப்டு. காலைல நாந்தான் எழுப்பணும். என்ன சொல்லி எழுப்பறதுன்னே தெரியலீங்க.”