ஒன்பது தொட்டி கலர் சேம்பு

1952 நவம்பர் 23

என் மனைவி சிலுவை கோபித்துக்கொண்டு போய்ப் பத்து நாள். அவளுடைய ஒன்பது தொட்டிகளும் ஜன்னலோரம் அப்படியே இருக்கின்றன. சேம்பு மாதிரி இலை. சிவப்பு, வெள்ளை, நரம்பெல்லாம் ரோஸ். கலேடியம் என்று பெயராம். அவள் கலர் சேம்பு என்பாள். அவள் அப்பா எண்ணூரில் ஒரு துரை பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர், அங்கேயிருந்து வந்த கிழங்கு.

இந்த ராயபுரத்து ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பது ஒரே ஜன்னல். பரீட்சைக்கு மெஷின் படம் வரைய எனக்கு வெளிச்சம் வேண்டும். "இந்தத் தொட்டிங்க இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன். ஒண்ணு சொல்லு" என்றேன். ஒன்றுமே சொல்லாமல் எண்ணூருக்கு, அம்மா வீட்டுக்கு, ரயிலேறிவிட்டாள். தொட்டிகளையும் விட்டுவிட்டு. அதற்கு என்ன அர்த்தம்?

ஒரு செடி செத்தாலும் வேண்டுமென்றே சாகடித்தேன் என்பாள். அப்புறம் வரவே மாட்டாள்.

நவம்பர் 30

இரண்டு இலை மஞ்சள். தண்ணீர் போதவில்லை. காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு.

டிசம்பர் 9

மஞ்சள் பதினான்கு. தண்ணீரை இரட்டிப்பாக்கினேன். பம்பு பழுதென்றால் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவேன், எங்கே பழுதென்று. இது வாயே திறக்காது. அவள் மாதிரி.

பட்டறையில் சவரிநாதன் சிரிக்கிறான். "எண்ணூரு இன்னா சீமையிலயா கீது? ரயிலேறிப் போய்க் கேளு மாமு."

எதற்குக் கேட்க வேண்டும்? டிப்ளமாவுக்குப் படிக்கிறவன் நான்.

டிசம்பர் 25

பூசைக்குத் தனியாகப் போனேன். "வூட்ல வரலியா?" என்று ஏழு பேர் கேட்டார்கள்.

1953 ஜனவரி 2

கடைசி இலையும் சாய்ந்தது. கார்டு எழுதிப் போட்டேன். "இலையெல்லாம் போய்விட்டது. என்ன செய்வது?" அவ்வளவுதான். இதை எழுத ஒரு மணி நேரம்.

ஜனவரி 7

பதில் இல்லை. ஒன்பது மண் தொட்டி, பிணம் மாதிரி. பார்க்கப் பார்க்க எரிச்சல். எல்லாவற்றையும் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வெறும் தொட்டிகளைக் கொண்டுவந்தேன்.

ஜனவரி 8

இன்று வருகிறது கார்டு! "குளிர் காலத்தில் இலை விழுவது வழக்கம்தான். சாகவில்லை. உள்ளே கிழங்கு தூங்கும். தண்ணீரை அறவே நிறுத்துங்கள். எடுத்துக் காய்ந்த மணலில் வையுங்கள். பங்குனிக் கடைசியில் நடலாம்."

குப்பைமேட்டுக்கு ஓடினேன். மண் இருக்கிறது, கிழங்கைக் காணோம். பட்டறையில் எந்த மோட்டாரையும் திறந்து பார்க்காமல் கழித்ததுண்டா நான்? இதை மட்டும் ஏன் கிளறிக்கூடப் பார்க்கவில்லை?

பக்கத்து வீட்டு மீன்காரி கெங்கம்மா பிடித்துக்கொண்டாள். "அத்த நீயா போட்ட நைனா? சேப்பங்கிழங்குன்னு நாலை வேவ வச்சேன். வாயெல்லாம் அரிப்பு! எங்க வூட்டு ஆளு நேத்துலேர்ந்து பேச்சே இல்ல. அதுவும் நல்லதாத்தான் கீது."

மீதி ஐந்தும் அவள் கூடையில் இருந்தன. பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன்.

ஜனவரி 9

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். அழுகிப்போனது என்று எழுதினால் யாருக்குத் தெரியும்? எழுதவில்லை. "உன் கார்டு வருமுன் ஒன்பதையும் குப்பையில் கொட்டினேன். ஐந்துதான் மீண்டது. தப்பு என்னுடையது." போட்டாயிற்று.

பிப்ரவரி 12

பதில் இல்லை. கிழங்குகள் என் டூல் பெட்டியில், மணலுக்குள். தினம் அழுத்திப் பார்க்கிறேன். கெட்டியாகத்தான் இருக்கின்றன. அழுத்தி அழுத்தியே கெடுத்துவிடுவேனோ?

மார்ச் 15

வரைபட மேஜையை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன். அங்கே வெளிச்சம் மட்டம்தான். பரவாயில்லை. அவள் இதைப் பார்க்க வர வேண்டுமே.

ஏப்ரல் 6

நேற்று ஈஸ்டர். வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

இன்று காலை வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாள். ஒன்பது தொட்டியிலும் மண் மட்டும் நிரப்பி வைத்திருந்தேன், இன்னும் நடவில்லை. அப்புறம் எதிர்ச் சுவரோரம் மேஜையைப் பார்த்தாள்.

"அஞ்சுன்னுதானே எழுதினீங்க? ஒம்போது தொட்டி எதுக்கு?"

"தெரியல. நாலை மட்டும் எடுத்து வைக்க மனசு வரல."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நான்கு கிழங்குகள்.

ஒன்றை எடுத்து மண்ணில் வைக்கப் போனேன். நிறுத்திக்கொண்டேன்.

"சிலுவை, இதுல எந்தப் பக்கம் மேலே வரணும்?"