கச்சிராயபாளையம் ரோட்டு வீட்டில் உள்ள குறை

மணலூர்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜெயசுதாவுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், இங்கே நாங்கள் இருவரும் அப்படியே இருக்கிறோம், முட்டி வலி மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் அடித்தாலே ஸ்பீக்கரில் போடு என்று உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், இதை அவர் எதிரில் சொல்ல முடியாது. கோடி வீட்டு ஆகாஷ் லீவு முடிந்து நாளன்றைக்கு அங்கே கிளம்புகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயம், எங்களுக்கென்று நீ வாங்க நினைத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்ன கள்ளக்குறிச்சி கச்சிராயபாளையம் ரோட்டு வீடு. சுவரில் ஓதம் ஏறுகிறது, தண்ணீர் சரியில்லை, வேண்டாம் என்று அப்பா சொன்னதும் நீயும் சரி விட்டுவிடலாம் என்றாய். நான் கூடவே போனவள். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீயே முடிவு பண்ணு. நீ ஏற்பாடு செய்த இன்ஜினியர் இளமாறன் இரண்டு நாள் வந்தார், அவசரப்படாத ஆள். தரை டைல்ஸை ஒவ்வொன்றாகக் குச்சியால் தட்டிச் சத்தம் கேட்டார், எல்லாக் குழாயையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டார், தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், மொட்டை மாடியில் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து நிறையத் தண்ணீர் கட்டிவிட்டு மறுநாள் வந்து கீழே ஏணி போட்டு ஏறி அறை அறையாக மேல்தளத்தைத் தடவிப் பார்த்தார். சொட்டு ஈரம் இல்லை. பின்பக்கக் குளியலறைச் சுவரில் மட்டும் ஒரு ஓரமாக ஓதம் இருந்தது. உள்ளே குழாய் இணைப்பில் கசிவு, ஒரு நாள் வேலை, அதை வீட்டுக்காரரே சரி பண்ணித் தரட்டும் என்றார். அந்த ஓதத்தைப் பார்த்ததும் உன் அப்பா முகத்தில் வந்த சந்தோஷத்தை நீ பிறந்த அன்றைக்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இன்ஜினியர் ஒரு பக்கம் பார்க்க, அவர் ஒரு பக்கம் தனியாகச் சோதனை நடத்தினார். மாடிப்படியை எண்ணினார், நல்லது என்று சொல்கிற ஒற்றைப்படையாகவே வந்தது, நம்பாமல் மேலே இருந்து கீழே எண்ணினார், அதேதான். போர் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்புக் கரிக்கிறது என்றார். நான் குடித்தேன், இளமாறன் குடித்தார், கரிக்கவில்லை, பரிசோதனைக்கு அனுப்பியதிலும் நல்ல தண்ணீர் என்றே வந்தது. கடைசியில் வாசல் பார்த்த திசை சரியில்லை என்றார். நம் வீட்டு வாசல் எந்தத் திசை என்று சட்டென்று கேட்டால் சொல்லத் தெரியாத மனிதர், என்றைக்கு வாஸ்து படித்தாரோ தெரியவில்லை.

கிளம்பும்போது வீட்டுக்காரர் காபி கொடுத்து, நீங்கதான் வந்து இருக்கப்போறீங்களாங்க என்று கேட்டார். உன் அப்பா முந்திக்கொண்டு, நாங்க எதுக்குங்க, பொண்ணு வாங்குது, வாடகைக்கு வுடறதுக்கு என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பஸ் தியாகதுருகம் தாண்டியதும், எதுக்கு அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். இன்னா பண்ணச் சொல்ற, பொண்ணு வூட்ல போயி குந்திக்கினு சோறு துன்னா ஊர்ல நாலு பேரு இன்னா சொல்லுவான், மாப்ள மூஞ்சில எப்பிடி முழிக்கிறது என்றார். மாப்பிள்ளைக்கும் சம்மதம்தானே என்றேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, அவ என் பேர்ல எழுதினா வேணா பாக்கலாம் என்றார். வீட்டில் அவர் கண்ட குறை இதுதான் ஜெயசுதா.

எனக்கு அந்த வீடு பிடித்திருக்கிறது. ஆசையாக இருக்கிறது என்றே எழுதுகிறேன். படுக்கிற அறைக்குப் பக்கத்திலேயே கக்கூஸ், அதுவும் நாற்காலியில் உட்காருவது போல உட்காருகிற கக்கூஸ். இங்கே மாடு இல்லாத மாட்டுக்கொட்டகையைத் தாண்டிப் போக வேண்டும், போன மழையில் அங்கே வழுக்கி விழுந்தேன், நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை, முட்டி இப்படி ஆனது அதனால்தான். அங்கிருந்து ஷேர் ஆட்டோ ஏறினால் ஆஸ்பத்திரி. கரும்புக் கழனியைப் பச்சமுத்து குத்தகைக்குப் பார்த்துக்கொள்கிறார், உன் அப்பாவுக்கு இங்கே டீக்கடையைத் தவிர வேலை இல்லை, டீக்கடை கள்ளக்குறிச்சியிலும் இருக்கிறது. வேறு ஒருவரும் அந்த வீட்டைக் கேட்கிறாராம், ஆவணி பிறக்கும் வரைதான் நமக்காகக் காத்திருப்பேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அப்பா சமாதானமாகட்டும் என்று அவர் பேரில் எழுதிவிடாதே. நைட் டூட்டி பார்த்துச் சேர்த்தது நீ, உன் பேரில்தான் இருக்க வேண்டும். நான் பிறந்த வீடு உன் தாத்தா பேரில் இருந்தது, அங்கே இருந்தேன். இந்த வீடு உன் அப்பா பேரில் இருக்கிறது, இத்தனை வருஷம் இங்கே இருந்துவிட்டேன். அடுத்தவர் வீட்டில் ஏன் இருக்கிறாய் என்று ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. மகள் பேரில் உள்ள வீட்டில் இருந்தால் மட்டும் எப்படிக் கேவலம் என்று எனக்குப் புரியவில்லை. நான் முதலில் போய்ப் பால் காய்ச்சுகிறேன். சோறு அங்கேதான் வேகும் என்று தெரிந்தால் அவரும் பஸ் ஏறுவார்.

பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வெயிலில் டூட்டிக்குப் போகும்போது தலையில் துணி போட்டுக்கொள். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று அய்யனாரை வேண்டிக்கொள்கிறேன். ஒன்று மறந்துவிடாதே. நீ வர முடியாவிட்டால் பத்திரம் பதிய இங்கே யாருக்காவது பவர் எழுதி அனுப்ப வேண்டும் என்று இளமாறன் சொன்னார். அதை அப்பாவுக்கு அனுப்பாதே, எனக்கு அனுப்பு. ஆதாரில் இருக்கிறபடி என் பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்து மாறாமல் அப்படியே போடச் சொல்.

இப்படிக்கு உன் அம்மா,
அ. அம்சவள்ளி