என்னிடம் மட்டும் சொன்னது

டோக்கியோ
12 மே 2024

அன்பு சங்கீதாவுக்கு,

நீயும் அர்த்தனாரி அண்ணனும் சுகமா? நான் ஏதோ இருக்கிறேன்.

நாலு வருடமாகப் பெரிய மங்கா ஓவியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை. அவருடைய படக்கதைகளுக்கு ஜன்னல், மழை, ரயில் தண்டவாளம் வரைகிறேன். முகம் வரைய விடமாட்டார். "மாங்கா வரையறதுக்கா சாமி அத்தன தூரம் போனே?" என்று அம்மா இன்னமும் கேட்கிறாள்.

என் சொந்தக் கதையைப் பத்திரிகை ஆசிரியர் ஏழாவது முறையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இப்படி வரைய இங்கேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்களிடம் மட்டும் இருப்பது என்ன?" என்றார். வருகிற மார்ச்சில் விசா முடிகிறது. ஊர் திரும்பி என்ன சொல்வேன்?

ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்ட உன்னிடம்தான் இதைச் சொல்ல முடிகிறது. எழுது.

உன் யமுனா

*

தேவனூர் நாடு, கொல்லிமலை
9 ஜூன் 2024

யமுனா கண்ணு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். நீ மனம் திறந்தாய், நானும் ஒன்று சொல்கிறேன். போனில் முடியாது. வீடு சின்னது, என் வீட்டுக்காரர் காதில் விழும்.

தை மாதம் மரவள்ளிக்கிழங்கு லோடோடு மலை இறங்கும்போது அவர் லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. வளைவுச் சுவரில் இடித்து நின்றது. உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து சாவியை எடுத்தாலே கை உதறுகிறது. ஊருக்கு முதுகுவலி என்று சொல்லியிருக்கிறோம். பஸ்ஸில் நாமக்கல் போனால் கண்ணை இறுக மூடி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார். "இன்னும் எத்தன இருக்குது சங்கீதா?" என்பார். எழுபது வளைவையும் நான் அவர் காதில் எண்ணிச் சொல்ல வேண்டும்.

"உங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கறேன், வெளிய சொல்லிப்போடாதே" என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். உன்னிடம் சொன்னதில் கொஞ்சம் மூச்சு வருகிறது. படித்ததும் கிழித்துவிடு.

சங்கீதா

*

டோக்கியோ
1 ஜூலை 2024

என் சங்கீதாவுக்கு,

கிழித்துவிட்டேன், பயப்படாதே. பாவம் அண்ணன். இதை நீ தனியாகச் சுமக்காதே. எல்லாவற்றையும் என்னிடம் கொட்டு. கை உதறும்போது எங்கே ஒளித்துக்கொள்வார்? பஸ்ஸில் மற்றவர்கள் பார்த்தால் நீ என்ன சொல்வாய்? எண்ணிக்கை தப்பினால் கண்டுபிடிப்பாரா? லாரி முகப்பில் "எட்டுக்கை அம்மன் துணை" இன்னும் இருக்கிறதா? சின்ன விஷயமென்று எதையும் விட்டுவிடாதே. கேட்க நான் இருக்கிறேன்.

யமுனா

*

தேவனூர் நாடு
20 ஏப்ரல் 2025

யமுனா,

போன புதன்கிழமை டீக்கடை சென்னியப்பன் இவரைப் பார்த்து, "ஏனுங்க அர்த்தனாரி, இன்னும் எத்தன வளைவு இருக்குதுங்க?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு யாரோ போனைக் காட்டினார்களாம்.

நானும் பார்த்தேன். உன் மங்காவுக்குப் பரிசு, வாராவாரம் தொடர், தமிழ்ச் சேனலில் பேட்டி. உனக்குப் பின்னால் திரையில் அவர். அதே கண்ணாடி, அதே புருவத் தழும்பு. பஸ்ஸில் மனைவியின் தோளில் முகம் புதைத்திருக்கிறார். இன்னும் எத்தனை வளைவு என்று அவர் கேட்பதை நீயே படித்துக் காட்டினாய். லாரி முகப்பில் அம்மன் பெயரைத் தமிழிலேயே எழுதியிருக்கிறாய். "இந்தக் கதை எப்படிக் கிடைத்தது?" என்றார்கள். "என் கற்பனை" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய்.

அவர் என்னைத் திட்டவில்லை. "எத்தன கடுதாசி எழுதுன?" என்று மட்டும் கேட்டார். ஐந்து என்றேன். பாயைச் சுருட்டிக்கொண்டு மிளகுக் காட்டில் இருக்கும் சாளைக் குடிசைக்குப் போய்விட்டார். சோறு கொண்டுபோனால் வாங்கிக்கொள்கிறார். முகத்தைப் பார்ப்பதில்லை.

சத்தியத்தை முதலில் மீறியவள் நான்தான். அதனால் உன்மேல் முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லை. அதுதான் தாங்கவில்லை.

சங்கீதா

*

டோக்கியோ
11 மே 2025

அன்புத் தோழி சங்கீதாவுக்கு,

மன்னித்துவிடு. சொல்ல நினைத்தேன், ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டேன். அந்த ஆசிரியர் முதல்முறையாக என் பக்கங்களைக் கீழே வைக்காமல் படித்தார். இப்போது நான் முகம் வரைகிறேன், சங்கீதா. வெளிநாட்டுப் பெண்ணுக்கு இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை.

நான் யாரையும் கேலி செய்யவில்லை. அந்த மனைவியைப் பற்றித்தான் வாசகர்கள் அதிகம் எழுதுகிறார்கள். அது நீதானே? இந்தத் தொடரால்தான் விசாவை நீட்டித்தார்கள். பாதியில் நிறுத்தினால் நான் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். புத்தகமாகும்போது லாரிப் பெயரையும் தழும்பையும் மாற்றிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் எழுது. அண்ணன் மறுபடி லாரி எடுத்தாரா? இன்னும் மூன்று வாரத்தில் கடைசி அத்தியாயம் கொடுக்க வேண்டும். அவருக்கு நல்லபடியாக ஒரு முடிவு வைக்க ஆசைப்படுகிறேன்.

உன் யமுனா

*

தேவனூர் நாடு
2 ஜூன் 2025

யமுனாவுக்கு,

சந்தையில் உன் அம்மாவைப் பார்த்தேன். "எம்புள்ள பெரிய ஆளாயிட்டா, நீ பாத்தியா கண்ணு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்த்தேன் அம்மா, சந்தோஷம் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அவர் லாரி எடுத்தாரா, சாளையிலிருந்து வீட்டுக்கு வந்தாரா, என்னோடு பேசுகிறாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உனக்குச் சொல்வதாக இல்லை.

சங்கீதா அர்த்தனாரி