அலுமாரியில் பூட்டிய அடையாள அட்டை

கிளாரன்சின் அப்பாவுக்கு,

கடைக்குப் பாண் வாங்கப் போன பிள்ளையைச் சந்தியில் மறித்து, அடையாள அட்டை இல்லையென்று ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். பக்கத்து வீட்டு ஐறீன் ஓடி வந்து சொன்னா. "அட்டை அப்பாட்ட இருக்கு" என்று கத்தினானாம்.

ஊர் சுற்றுகிறான் என்று அடையாள அட்டையையா பூட்டி வைப்பீர்கள்? மாதா கோயில் கூட்டத்தில் சிஸ்டர், "பிள்ளையளுக்கு அடிக்காதேங்கோ, விருப்பமான சாமான் ஒண்டை எடுத்து வையுங்கோ" என்றுதானே சொன்னா. கிரிக்கெட் மட்டை கட்டிலுக்குக் கீழேதானே கிடந்தது!

அலுமாரிப் பூட்டை உடைத்து, அட்டையை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போகிறேன். சோறு அடுப்படியில் மூடி இருக்கிறது. வீட்டிலேயே இருங்கோ. அவன் வந்தால் ஏசாதேங்கோ.

புளோறன்ஸ்

கடைக்குப் போ என்று நான் சொன்னதும், இன்றைக்குத்தான் ஒரு சொல்லும் எதிர்த்துக் கதைக்காமல் போனான்.